காகிதத்துல ஆடு சாகாது, மாப்ள!

வாரும் மாப்ள, வாரும். திண்ணையில அந்தப் பக்கமா இரும், இந்தப் பக்கம் ஓடு ஒழுகும். மஸ்கட்ல இருந்து வந்து ஒரு மாசம் ஆவுது. பெரிய மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான்னு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துதாக்கும்! சரி, காரணம் இல்லாம வருவீரா? கையில நோட்டு இருக்கு. சிவப்பு மையில தலைப்பு வேற: 'ஆட்டுப்பால் பண்ணை'. கீழ ரெண்டு கோடு. ஒண்ணு ஆட்டுக்கு, ஒண்ணு பாலுக்கோ?

வாசியும், கேப்போம். பத்துத் தலைச்சேரி ஆடு. ஒண்ணுக்கு ஒண்ணரை லிட்டர். லிட்டர் 100 ரூபா. வருஷத்துக்கு 365 நாள். ஆக மொத்தம் 5,47,500 ரூபா. அடேயப்பா! அதுபோக வருஷத்துக்கு ரெண்டு ஈத்து, ஈத்துக்கு ரெண்டு குட்டி. அஞ்சாம் வருஷத்துக்கு நோட்டுல இடம் பத்தாமப் பின் அட்டையில எழுதியிருக்கீரு.

கணக்குன்னா இதுல்லா கணக்கு! ஒரு ஆடு சீக்குல விழல. ஒண்ணுகூட மலடு நிக்கல. பொறந்த குட்டி பூராவும் பெட்டை. நாய் கடிக்கல, பாம்பு தீண்டல, களவு போவல. நானும் அறுவது வருஷமா ஆட்டுக்குப் பின்னால அலையுதேன், இப்படி ஒரு மந்தையை எங்கயும் பாத்ததில்ல. காகிதத்துல ஆடு சாகாது மாப்ள. அது ஒண்ணுதான் அதுல உள்ள சௌகரியம். நோட்டை அந்த ஓரமா வையும், அப்புறம் பாப்போம். உங்க அத்தை காப்பி கொண்டாருவா.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். லாபம் சம்பாதிக்க வழி கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நஷ்டப்பட வழி கேளும், விரல் விட்டுச் சொல்லுதேன். எல்லாம் பட்டுப் படிச்சது.

முதல் காரியம், ஆடு வாங்குததுக்கு முன்னாடி கொட்டகையைக் கட்டிப்போடும். சின்னதாக் கட்டாதேயும், நம்ம ஊரு சமுதாயக்கூடம் வெக்கப்படணும். தரைக்கு மேல பரண், பரணுக்கு ஏறப் படி, வாசல்ல உம்ம பேரு போட்ட போர்டு. கையில இருந்த காசு பூரா கொட்டகைக்குப் போனதும், ஆடு வாங்கக் கடன் கேளும். இப்ப நாட்டுல நல்ல கொட்டகையெல்லாம் இப்படித்தான் ஆடு இல்லாம நிக்கு.

இல்ல மாமா, பரண் வேணும்லாங்கீரு. வேணுந்தான். ஐப்பசி கார்த்திகையில நம்ம கரிசல் மண்ணு செருப்பை உருவி வச்சுக்கிடும். அந்தச் சகதியில ராத்திரி பூரா நின்னா வெள்ளாட்டுக்குக் குளம்பு அழுகும். மார்கழிப் பனியில குட்டி இருமி இருமியே போயிரும். ஆனா அதுக்குப் பனங்கையும் வேப்பஞ்சட்டமும் போதும். ஒரு ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல புழுக்கை விழணும், குட்டி கால் விழக்கூடாது. அம்புட்டுத்தான் இஞ்சினியரிங்.

ரெண்டாவது, ஆடு வாங்கச் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குத் தனியாப் போவும். சட்டையில சென்ட் அடிச்சுக்கிடும், அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கிடும். நீரு வாரதை ஒரு மைலுக்கு அங்கனயே தரகன் கண்டுக்கிடுவான். துண்டைப் போட்டு உம்ம கையைப் பிடிச்சு, உள்ளுக்குள்ள விரலை அமுக்குவான். எந்த விரலுக்கு எம்புட்டுன்னு தெரியாம நீரு தலையை ஆட்டுவீரு. வெளிய எடுக்கும்போது விரல் அஞ்சும் இருக்கும், மோதிரம் இருக்கான்னு பாத்துக்கிடும்.

மடியைப் பாத்து மயங்கணும், அதான் முக்கியம். முந்தின நாளு சாயங்காலத்துல இருந்து கறக்காம, குட்டியையும் விடாம வச்சிருந்தா எந்த ஆட்டு மடியும் தோண்டி மாதிரிதான் தொங்கும். பக்கத்துல ரெண்டு குட்டி நிக்கும். ரெட்டை போட்ட ஆடுன்னு சொல்லுவான். அது யாரு பெத்த புள்ளையோ! ஒரு வேலை செய்யும். கயித்தை அவுத்துக் குட்டியை மடியில விடச் சொல்லும். பெத்த தாயின்னா கழுத்தைத் திருப்பிக் குட்டி வாலடியை மோந்து பாக்கும், வாலும் துடிதுடிக்கும். பெறாததுன்னா முட்டித் தள்ளும். ஆட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைச் சந்தைக்குக் கூட்டிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் பல்லு. 'ரெண்டு பல்லு பெட்டை'ம்பான். ஆட்டுக்கு மேல்வரிசை முன்பல்லு கிடையாது, அதுகூடத் தெரியாம மேல் உதட்டைத் தூக்கிப் பாத்துட்டு 'ஐயோ, பல்லே இல்லையே'ன்னு அலறினவன் நம்ம ஊருல இருக்கான். பேரைச் சொன்னா வருத்தப்படுவான், உமக்குப் பெண்ணெடுத்த வகையில வேண்டியவன். கீழ் உதட்டை விலக்கும். எட்டுப் பல்லு இருக்கும். நடு ரெண்டும் பெருசா மொளைச்சிருந்தா வயசு ஒண்ணு, ஒண்ணரை. நாலுன்னா ரெண்டு. ஆறுன்னா மூணுக்குக் கிட்ட. எட்டும் பெருசுன்னா கடை சேந்துட்டுன்னு அர்த்தம். அதுக்கு மேல அதுவும் என்னைய மாதிரிதான், பல்லைக் காட்டாம இருந்தா மரியாதை.

நம்ம சீமை ஆடு கன்னியும் கொடியும். கறுப்பு முகத்துல வெள்ளைக்கோடு ஓடினா பால்கன்னி, கோடு செவந்திருந்தா செங்கன்னி. உயரமா, வெள்ளையில கறுப்பைத் தெளிச்சாப்புல நிக்குதே, அது கொடியாட்டுல கரும்போரை, செவப்பு தெளிச்சா செம்போரை. வெயிலுக்கும் பஞ்சத்துக்கும் பொறந்ததுக. ஆனா குட்டிக்குப் போக நமக்குப் பாலு, காப்பிக்கு ஆவும், கடைக்கு ஆவாது. தலைச்சேரி மலபார்க் கரை ஆடு. அரபு யாவாரிக கப்பல்ல கொண்டாந்த ஆட்டோட உள்ளூரு ஆடு கலந்து வந்ததும்பாங்க. ரெட்டை போடும், ஒரு லிட்டர் போலக் கறக்கும். எப்ப? தீனி போட்டா. நீரும் அரபு நாட்டுல இருந்து வந்தவரு, அதுவும் அந்தப் பக்கத்து ரத்தம். பேச்சுத் துணைக்கு ஆச்சு.

தீனின்னதும் ஞாபகம் வருது. தீவனப் புல்லு போடப் போறேன்னீரு. போடும், மாட்டுக்கு நல்லது. வெள்ளாடு குனிஞ்சு மேயுத சாதி இல்ல மாப்ள. அண்ணாந்து கடிக்கித சாதி. ஒரே தழையை மூணு நாளு போட்டா, மாமியார் வீட்டுச் சாம்பாரைப் பாத்த மாப்பிள்ளை மாதிரி மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிடும். அகத்தி, வாகை, பூவரசு, உடைமரத்து நெத்து, ஆலங்குழைன்னு நாளுக்கொண்ணு மாத்தணும். சூபாபுல் குழையை அள்ளி அள்ளிப் போட்டா முடி கொட்டும், மூணுல ஒரு பங்குக்கு மேல ஆவாது. இதுக்கெல்லாம் தொரட்டியைத் தூக்கிக்கிட்டு மரம் மரமா நிக்கணும். நான் நிப்பேன். இப்ப முட்டி கேக்கலை, அண்ணாந்தா கண்ணு கிறங்குது. எம்மவன் ஒருத்தன் திருப்பூரு, ஒருத்தன் மெட்ராஸு. அதை விடும், உம்ம கதையைப் பேசுவோம்.

ஆடு தொடாத எலை ஆடாதொடை. மத்ததெல்லாம் அதுக்குச் சோறு. பக்கத்துப் புஞ்சைக்காரன் முருங்கை, அடுத்தவன் பருத்தி, தலையாரி வீட்டு மல்லிகை, எல்லாம். வேலி போட்டா தாண்டாதாங்கீரு. வேலியில தண்ணி ஒழுகுத ஓட்டை இருந்தா போதும், வெள்ளாடு வந்துரும். பிஞ்ச ஓட்டையை நீரு பாக்குததுக்கு முன்னாடி அது பாத்திருக்கும். அந்தக் காலத்துல பவுண்டுல அடைச்சுத் தண்டம் வாங்குவாங்க. இப்ப பவுண்டு இல்ல, செல்போன்ல படம் பிடிச்சு அனுப்புதாங்க. தண்டம் அதேதான்.

ஆனா ஒண்ணு, அது வாய் வைக்கிததெல்லாம் அதுக்கு ஆவும்னு நெனைச்சிராதேயும். இளஞ்சோளப் பயிரைக் கடிச்ச ஆடு வீடு வந்து சேராது, அம்புட்டு விஷம். அதைவிட விஷம் ஒண்ணு இருக்கு, சோறு. சிரிக்காதேயும். உம்ம பொஞ்சாதிக்குச் சடங்கு வச்சோம்லா, அன்னைக்கு. பந்தியில மிஞ்சின சோத்தைக் கொல்லையில கொட்டி வச்சிருந்தாங்க. எங்கிட்ட ஒரு செங்கன்னி நின்னுது, நிறைசினை. கயித்தை அத்துக்கிட்டுப் போயி வயிறு முட்டத் தின்னுட்டு வந்துட்டு. விருந்துக்காரங்களைக் கவனிக்கித மும்முரத்துல நான் பாக்கல. சாயங்காலம் பட்டியில எல்லா ஆடும் படுத்து அசை போடுது, அது மட்டும் சுவரோரமா ஒதுங்கி, தலையைத் தொங்கப்போட்டு நிக்கு. தொட்டா இடது வயிறு தண்ணித் தோல்பை மாதிரி தளும்புது. ஆப்பசோடாவைக் கரைச்சு ஊத்தினேன். விடியுததுக்கு முன்னாடி போயிட்டு. வயித்துல ரெண்டு இருந்துது. ஊரு பூரா நல்ல சாப்பாடுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அதுல இருந்து சாயங்காலம் நான் ஆட்டை எண்ணுததில்ல மாப்ள. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும், செத்த பிறகுதான் கொறையும். எது ஒதுங்கி நிக்கு, எது அசை போடலை, எது குழையைப் பாத்தும் எந்திரிக்கலைன்னு பாப்பேன். உம்ம நோட்டுல அதுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கீரான்னு பாத்தேன், காணோம்.

சரி, கிடாவுக்கு வருவோம். ஆட்டுக்கு எதுக்குத் தாடின்னு ஒரு காலத்துல மேடையில கேட்டாங்க. மேடையில உள்ளவங்களுக்கு எப்படித் தெரியும்? பருவத்துல கிடாவைப் போயிப் பாரும். தம் மூத்திரத்தைத் தானே தாடியில பீச்சி, அத்தர் பூசின மைனர் மாதிரி உதட்டைச் சுருட்டிக்கிட்டு நிக்கும். தாடி அதுக்குத்தான். அந்த வாடை பெட்டைக்குச் சொர்க்கம், பாலுக்கு நரகம். கறக்குத எடத்துக்குப் பக்கத்துல கட்டினா பாலு கிடா வாடை அடிக்கும், வாங்குதவன் மறுநாளு வரமாட்டான். கட்டிட்டுக் கையைக் கழுவாம வீட்டுக்குப் போனா என் தம்பி மவளும் கதவைத் திறக்கமாட்டா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கக் கிடாவை மாத்தும், இல்லைன்னா அதும் மகளையே அது சேரும், குட்டி சவலையாப் பொறக்கும். சொந்தத்துல கட்டாதேன்னு நான் சொன்னா உமக்குக் கோவம் வரும், நான் ஆட்டைத்தான் சொல்லுதேன்.

பெட்டை இருவத்தியொரு நாளைக்கு ஒருக்கப் பருவத்துக்கு வரும். வாலை ஆட்டிக்கிட்டுக் காரணமில்லாமக் கத்தும். ஒரு நாளு, ஒண்ணரை நாளு. அந்த நேரம் பாத்து நீரு மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருவீரு, மூணு வாரம் போச்சு. சேந்துட்டா அஞ்சு மாசம் சினை. ஆக, கணக்கு வாத்தியாரே, வருஷத்துக்கு ரெண்டு ஈத்து எங்கன வரும்? நல்லாப் பாத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு மூணு. அதுவே பெரிய காரியம்.

ஈனுத ஆடு பகல்ல ஈனும்னு எதிர்பாக்காதேயும். மழை, கரண்டு போன ராத்திரி, உமக்குக் காய்ச்சல், மூணும் சேரணும். முன்னங்காலால தரையைப் பறிக்கும், தன் விலாவைத் தானே திரும்பிப் பாக்கும். ரெண்டு முன்னங்கால், அதுமேல மூக்கு வச்சாப்புல வந்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லும். வேற மாதிரி வந்தா டாக்டருக்குப் போன் போடும், வீடியோ பாத்துக் கையை விடாதேயும். விழுந்ததும் மூக்கு வாயில உள்ள சவ்வைத் துடையும், மத்ததைத் தாய் நக்கிக்கிடும். அப்ப குளம்பைத் தொட்டுப் பாரும். கறுத்திருக்காது. மஞ்சளா, மெழுகு மாதிரி, நகத்தால கீறினா கோடு விழும். தாய் வயித்தைக் கிழிச்சிரக் கூடாதுன்னு அப்படி இருக்கு. அரை மணி நேரத்துல அந்த மெழுகுக் காலை ஊனி எந்திரிக்கும், விழும், எந்திரிக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போவணும். அந்தப் பாலை 'ஆகா, கட்டிப் பால்கோவா'ன்னு கறந்து உம்ம வீட்டுக்குக் கொண்டு போனா, குட்டி செத்த பாவத்தை உம்ம நோட்டுல எழுதும்.

கறவைக்கு விடியக் காலம் அஞ்சு மணி. ராத்திரிக் குட்டியைக் கொடாப்புல அடைச்சுப்போட்டாத்தான் காலையில மடியில ஏதாச்சும் இருக்கும். ரெண்டு காம்புதான், மாடுன்னு நெனைச்சு மத்த ரெண்டைத் தேடாதேயும். காம்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அது ஆட்டுக் காம்பு, கோயில் மணிக் கயிறு இல்ல. மேல பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து பூட்டுப் போடணும், மத்த விரலு ஒண்ணொண்ணா மூடணும். முதல் ரெண்டு பீச்சைக் கீழ விடும். அதுல திரி திரியா வந்தா மடிநோய், உடனே பாக்கணும். செம்பு நிறையுத வரைக்கும் ஆடு சாதுவா நிக்கும். நிறைஞ்சதும் பின்னங்காலைத் தூக்கிச் செம்புக்குள்ள வைக்கும். பாதியில வைக்காது, சவத்து மூதி, அதுக்கு அளவு தெரியும். நான் குத்த வச்சு உக்காந்து கறக்குதேன், எந்திரிக்க உங்க அத்தை கையைக் குடுக்கணும். அவளுக்கு எந்திரிக்க நான் குடுக்கணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்துட்டா அன்னைக்குப் பொழுது தொழுவுலதான்.

இப்ப பாலை யாரு வாங்குவா? சொசைட்டியில பசும்பாலும் எருமைப்பாலும் ஊத்துவாங்க, நீரு ஆட்டுப்பாலைக் கொண்டு போனா வேடிக்கை பாப்பாங்க. அதனால வீடு வீடாப் போயி மகிமை சொல்லணும். காந்தியைச் சொல்லும். பாலே குடிக்கமாட்டேன்னு விரதம் இருந்தவரு, 1918-ல சீதபேதி வந்து எலும்பும் தோலுமாக் கிடந்தாரு. கஸ்தூரிபா பக்கத்துல நின்னு, 'நீங்க விரதம் எடுத்தப்ப பசுவையும் எருமையையும்தானே நெனைச்சீங்க, ஆட்டுப்பாலுக்கு என்ன'ன்னு ஒரு பாயிண்டைப் பிடிச்சாங்க. பாரிஸ்டரு வாயடைச்சுப் போயிக் குடிச்சாரு. வார்த்தையைக் காப்பாத்தினேன், விரதத்தோட உசுரைக் காப்பாத்தலைன்னு பின்னால அவரே எழுதினாரு. வீட்டுக்காரிகிட்ட வக்கீல் ஜெயிச்சதா வரலாறு இல்ல மாப்ள.

மகிமையை அதுக்கு மேல ஏத்தாதேயும். கொழுப்பு பொடிப் பொடியா இருக்கும், அதனால லேசாச் செரிக்கும், வெண்ணெய் வெள்ளை வெளேர்னு இருக்கும், அதெல்லாம் நெசம். பாலு குடிச்சா வயிறு பொருமுதவனுக்கு இது மருந்துன்னு விக்காதேயும், பொரும வைக்கித சமாச்சாரம் இதுலயும் ஏறக்குறைய அம்புட்டு இருக்கு. தாய்ப்பாலுக்குப் பதிலாக் கைக்குழந்தைக்கு ஊத்தச் சொல்லாதேயும், போலிக் ஆசிட் கொறைச்சல், ரத்தம் சோகை பிடிக்கும். டெங்கு வந்தா சில ஊருல இதைத் தேடி அலைஞ்சு கேட்ட விலைக்கு வாங்குதாங்க, அதுக்கு டாக்டர்மாரு ஆதாரம் இல்லேங்காங்க. ஊருக்குக் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிட்டுப் பால் விக்கிதவனாவா என் தம்பி மருமகன் இருக்கணும்?

ஊசியை மறந்துராதேயும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூணு வருஷத்துக்கு ஒருக்க. துள்ளுமாரிக்கு வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி. பூச்சி மருந்தும் விடணும். 'பக்கத்து ஊருலதான் சீக்கு, நமக்கு எதுக்கு'ன்னு இருந்தவன் பட்டியில கயிறு மட்டும் தொங்கினதைப் பாத்திருக்கேன். யாருன்னு கேக்கீரோ? உம்ம எதுத்தாப்புலதான் இருக்கேன்.

இப்ப உம்ம கணக்கைத் திருத்துவோம். பத்துல ஏழு ஆடு ஒழுங்காக் கறக்குன்னு வையும். குட்டி குடிச்சது போக ஒண்ணுக்கு அரை லிட்டர். 150 நாளு. 525 லிட்டர். நூறு ரூபாயே கிடைச்சாலும் 52,500. உம்ம 5,47,500-ல ஒரு சைபரும் கொஞ்சமும் கொறைஞ்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. மிச்சம் குட்டியில வரும், புழுக்கையில வரும். பாலு கைச்செலவுக்கு.

முகம் சுண்டிப்போச்சே! காப்பியைக் குடியும், ஆட்டுப்பாலுதான். கண்டுபிடிக்கலைல்லா?

ஒரு யோசனை சொல்லுதேன், பிடிச்சாக் கேளும். கொட்டகையும் வேண்டாம், சந்தையும் வேண்டாம். எங்கிட்ட தலைச்சேரிக் கலப்பு ரெண்டு நிக்கு, நிறைசினை. வாரத்துக்கு, அதான் பங்குக்கு, பிடிச்சுக்கிடும். இங்கன, என் தொழுவுலயே நிக்கட்டும். காலையில அஞ்சு மணிக்கு வந்து கறக்கணும், எட்டு மணிக்குத் தொரட்டியைத் தூக்கணும், சாயங்காலம் எது ஒதுங்கி நிக்குன்னு பாக்கணும். பாலு பூரா உமக்கு. குட்டியில பாதிக்குப் பாதி. புழுக்கை மட்டும் என் மிளகாக் காட்டுக்கு. இந்த ரெண்டோட சேத்து எங்கிட்ட நிக்கித மத்த ஆறு ஆட்டையும் ஒரு கை பாத்துக்கிட்டாப் போதும், அதுக்குத் தனியா ஒண்ணும் கேக்கமாட்டேன். ஒரு வருஷம் போவட்டும். அதுக்கப்புறமும் ஆசை மிஞ்சியிருந்தா பத்து வாங்கலாம், நானே சந்தைக்கு வாரேன்.

என்ன தேடுதீரு? நோட்டா? திண்ணை ஓரத்துலதான வச்சீரு! அந்தா, பால்கன்னி அசை போடுது பாரும். வாயோரத்துல சிவப்பு மை தெரியுதா? அப்பவே பாத்தேன், அஞ்சாம் வருஷத்துல இருந்துதான் ஆரம்பிச்சுது. அது பசிக்குத் தின்னுது, நாம எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். முன் அட்டையை மட்டும் பிடுங்கிக்கிடும். நாளைக்கு அஞ்சு மணிக்குப் பால் கணக்கு எழுத அது போதும்.